இரண்டாவது பாத்தி

மேலூர் அமிர்தம் கொல்லையில் பூண்டு ஊன்றினால், அந்த வீட்டில் தொட்டில் கட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். தெருவுக்கே தெரிந்த சங்கதி அது.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே அந்தக் காவிரிக்கரை மண்ணில் வாழை வைப்பார்கள், வெற்றிலை வைப்பார்கள். பூண்டு வைக்க யாருக்கும் தோன்றாது; வெயில் ஊரில் அது பருக்காது. அமிர்தம் வைத்ததற்குக் காரணம் அவள் புருஷன் ரங்கசாமிதான். அவளுடைய முதல் பிரசவத்தைப் பார்த்த அவள் தாய் அப்புறம் செத்துப்போனாள். இரண்டாவதில், பால் ஊறப் பூண்டு வாங்கி வரச் சொல்லி அமிர்தம் புருஷனைக் கேட்டாள். காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிப் போன மனிதர் மூன்று தடவை மறந்தார். நாலாவது தடவை வாங்கி வந்தது அத்தனையும் சொத்தை. நல்ல மனிதர்தான். தாரைப் பார்த்ததும் முற்றிவிட்டதா என்று சொல்லிவிடுவார், வீட்டுக்காரி முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியாது.

மூன்றாவது பிள்ளை உண்டானதும் அவளே பல் பல்லாகப் பிரித்து ஒரு பாத்தி ஊன்றினாள். பிறகு ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு பாத்தி. பச்சை உடம்போடு அவளே உரித்து, அவளே குழம்பு வைத்து, அவளே சாப்பிட்டாள். பெற்றது ஆறு, தங்கியது நாலு.

மூத்தவள் வள்ளிக்கண்ணுவைத் திருவெறும்பூரில் கொடுத்திருந்தது. 1961-இல் அவளுக்கு முதல் பிரசவம், மாசிக் கடைசியில். அதற்கு முந்தின ஐப்பசியில் மழை கொஞ்சம் விட்டதும் அமிர்தம் இரண்டு பாத்தி போட்டாள்.

"என்ன அமிர்தம், மகளுக்கு ரெட்டைப் பிள்ளையா?" என்றாள் பக்கத்து வீட்டு இருளாயி.

அமிர்தம் சிரித்து மழுப்பினாள். முப்பத்தொன்பது வயதில், பேரன் பேத்தி எடுக்கப் போகிற நேரத்தில், தானும் உண்டாகியிருப்பதை எந்த வாயால் சொல்வது? ரங்கசாமியிடம் சொன்னதற்கு, "சரி, ஆகட்டும்" என்றார். அவருக்கென்ன, ஆகட்டும்தான்.

கார்த்திகைக் கடைசியில் வளைகாப்பு முடிந்து மகள் வந்தாள். கை நிறைய வளையலோடு கொல்லைக்குப் போனவள், சாண் உயரம் நின்ற பூண்டுத் தாளைப் பார்த்துத் திரும்பினாள்.

"எனக்கு ஒரு பாத்தி. இன்னொண்ணு யாருக்கும்மா?"

அமிர்தம் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். மகளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எங்க மாமியா மூஞ்சியில நான் எப்படிம்மா முழிப்பேன்? ஊரே சிரிக்குமே!"

"தெரியுது கண்ணு. தெரிஞ்சு என்ன பண்றது? உடம்பும் எனக்கு முடியல."

ஒரு வாரம் வள்ளிக்கண்ணு முகம் கொடுத்துப் பேசவில்லை. அமிர்தம் அவளுக்கு ஆக்கிப் போட்டாள், வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அமிர்தத்தின் காலும்தான் வீங்கியிருந்தது, அதை யார் பார்த்தார்கள்?

எட்டாம் நாள் விடிந்ததும் குடத்தோடு கொல்லைக்குப் போனாள். இரண்டாவது பாத்தியில் கோரை பிடுங்கி, தண்ணீரும் ஊற்றியிருந்தது. கிணற்றடியில் மகள் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

மாசியில் தாள் பழுத்ததும் பிடுங்கினார்கள். பல் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுதான். இரண்டு கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார்கள். அடுத்த வாரம் வள்ளிக்கண்ணுவுக்குப் பெண் பிறந்தது. முதல் கொத்து அவளுடைய பத்தியக் குழம்புக்குப் போயிற்று.

மூன்று மாதம் தாய்வீட்டில் இருப்பது வழக்கம். பங்குனியிலேயே மருமகன் ரத்தினவேல் வந்து நின்றான். அவன் அம்மாவுக்கு விஷயம் எட்டிவிட்டது.

"தாயும் மகளும் ஒரே வீட்டுல பிள்ளை பெத்துக் கிடக்கறது நல்லாயில்லன்னு அம்மா சொல்லுது. கிளம்பு" என்றான்.

அடுப்படியில் முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அமிர்தத்துக்குக் கை ஓடவில்லை. போய்விடுவாள். சித்திரையில் தனக்கு மறுபடியும் அதே பச்சை உடம்பு, அதே அடுப்பு, ஏனென்று கேட்க ஆளில்லை. அழக்கூட அசதியாக இருந்தது.

கூடத்தில் வள்ளிக்கண்ணுவின் குரல் கேட்டது. "அடுப்புக்கு மேல இன்னொரு கொத்து தொங்குது, பாத்தீங்களா? அதை எங்கம்மாவுக்கு ஆக்கிப் போட்டுட்டு வரேன். அத்தைகிட்ட சொல்லிடுங்க."

"எப்ப வருவே?"

"அது தீர்ந்ததும்."

ரத்தினவேல் அவள் நீட்டிய மோரை வாங்கிக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனான்.

வள்ளிக்கண்ணு உள்ளே வந்து முறத்தை வாங்கிக்கொண்டாள். "போய்ப் படும்மா."

உலை கொதிக்கிறது என்று சொல்ல நினைத்தாள் அமிர்தம். எழுந்து கூடத்துக்குப் போனாள். வேலை கிடக்கும்போது பட்டப்பகலில் பாய் விரித்து அவள் படுத்தது அதுதான் முதல் தடவை.