ஐம்பது ஹெர்ட்ஸ்

என் காரை விற்றுவிட வேண்டும் என்று என் மகள் முடிவு செய்தது ஒரு கணினி விளையாட்டைப் பார்த்து. சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பெங்களூரில் இருக்கிறாள். தனக்குப் புதுக் கணினி வாங்கியதும் பழையதை, அதற்குரிய பெரிய மானிட்டரோடு சேர்த்து, ஜவ்வாது மலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அதில் ஒரு கார்ப் பந்தய விளையாட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே பாதையில் ஓட்டுவோம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசியபடியே ஓட்டலாம். போனில் பேசினால் எங்கள் பேச்சு மூன்று கேள்விகளில் முடிந்துவிடும்: சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அங்க மழையா. விளையாட்டில் ஒரு மணி நேரம் போவது தெரியாது. ஆபீசில் தன் மேலதிகாரி எப்படிப்பட்டவன் என்பதையெல்லாம் அவள் வளைவுகளுக்கு நடுவில்தான் எனக்குச் சொன்னாள்.

நான் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அளக்க எதுவும் இல்லாததால் கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். "தோசைய கூட எண்ணினு துன்றாரு" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அந்த விளையாட்டுப் பாதையில் எட்டு வளைவுகள். வண்டியை வேகமாகத் திருப்பும்போதெல்லாம் திரையில் படம் குறுக்கே வெட்டுப்பட்டது. மேல்பாதி மலை ஓரிடத்திலும் கீழ்பாதி மலை அதைவிட்டு விலகியும் நின்றன. நிலங்களின் எல்லை வரைந்த புலப்படத் தாள்கள் இரண்டை ஓரம் பொருந்தாமல் ஒட்டியதுபோல இருக்கும். எட்டில் ஐந்து வளைவுகளில் இப்படி ஆனது. என்னால் அதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. ஒட்டாத ஓரங்களைப் பார்த்தால் இன்றைக்கும் என் கை பென்சிலைத் தேடும்.

எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஒயரிங் செய்யும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மலையில் எந்தப் பொருள் கெட்டாலும் கரண்டின் மேல்தான் பழி போடுவோம். வோல்டேஜ் அப்படித்தான் இருக்கிறது. அவர் வந்து திரையின் செட்டிங்கைத் திறக்கச் சொன்னார்.

"இன்னா சார் இது, அறுபதுன்னு போட்டுகிது?"

"ஹெர்ட்ஸ். ஒரு செகண்டுக்கு அறுபது தடவை படத்தை மாத்துதுன்னு அர்த்தம்."

"ஐய, அதான பாத்தேன்! நம்ம லைனே அம்பது ஹெர்ட்ஸ்தான் சார். லைன்ல வர்றது அம்பது, பொட்டி கேக்கறது அறுபது. மீதி பத்துக்கு அது எங்க போவும்? அதான் படம் கிழியுது."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்க மிக்சி கத்தறதும் அதனாலதானா?"

"அது வேற கேசும்மா."

வீட்டுக்கு வரும் மின்சாரம் ஐம்பது ஹெர்ட்ஸ் என்று நானும் படித்திருக்கிறேன். இரண்டும் ஹெர்ட்ஸ், இரண்டும் பொருந்தவில்லை. கணக்கு சரியாகத்தான் பட்டது. செட்டிங்கின் பட்டியலில் ஐம்பதும் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தார். விளையாட்டின் செட்டிங்கிலும் படம் கிழியாமல் இருக்க ஏதோ ஒன்றை ஆன் செய்தார். "இப்ப லைனும் பொட்டியும் ஒண்ணு சார். இனிமே எரியாது" என்றார். அது எரியும் என்ற பயம் அதுவரை எனக்கு இருந்ததில்லை.

கிழிசல் நின்றது உண்மை. ஆனால் வேறொன்று வந்து சேர்ந்தது. நான் பிரேக்கை அழுத்தினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது. திருப்பினால் யோசித்துவிட்டுத் திரும்பியது. அடுத்த ஞாயிறு மூன்றாவது வளைவில் தடுப்பில் இடித்தேன். ஐந்தாவதில் இடித்தேன். ஏழாவதில் பள்ளத்தில் இறங்கினேன். ஹெட்போனில் மகள் கேட்டாள்:

"அப்பா, பிரேக் அடிச்சீங்களா?"

"அடிச்சேனே."

"எப்போ?"

"வளைவுக்கு முன்னாடியே."

"இல்லப்பா. நான் உங்க பின்னாடிதான் வர்றேன். வளைவுக்குள்ள போனப்புறம்தான் உங்க பிரேக் லைட்டு எரியுது."

அன்று சாயங்காலமே அவள் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டாள். நான் புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட கண், என் வயது, மலைப்பாதை, மழைக்காலம் எல்லாம் அதில் வந்தன. என் மனைவி போனை வைத்துவிட்டு, வாணலியில் கடுகு போட்டபடியே சொன்னாள்: "காரை குடுத்துடலாம்ங்கறா. செங்கத்துல அவ ஃப்ரெண்டோட மாமனாரு கேக்கறாராம்."

இங்கே கார் இல்லாதவன் என்றால் என்ன என்பதை மலைக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புரியவைக்க முடியாது. பஸ் வரும்போது வரும். ஷேர் ஜீப்பில் ஏறினால் முழங்காலில் யாருடைய மூட்டையாவது உட்கார்ந்திருக்கும். அதுகூடப் பெரிதில்லை. நான் நினைத்த நேரத்தில் நான் நினைத்த இடத்துக்குப் போக இருந்த ஒரே வழி அந்தக் கார். அதை எடுத்துவிட்டால் மருந்துக் கடைக்குப் போகவும் யாரிடமாவது பல்லைக் காட்ட வேண்டும்.

மகளைக் கூப்பிட்டுக் கோளாறு என்னிடம் இல்லை, திரையில் இருக்கிறது என்றேன்.

"எல்லா தப்பையும் ஸ்கிரீன் மேலயே போடுங்கப்பா" என்று சிரித்தாள்.

"சரி பண்ணி ஓட்டிக் காட்னா?"

"காட்டுங்க, பாக்கலாம்."

அதை நான் வாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

பரணிலிருந்து மானிட்டரின் அட்டைப்பெட்டியை இறக்கினேன். பக்கவாட்டில் நூற்று நாற்பத்து நான்கு ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. செட்டிங்கில் ஐம்பதும் அறுபதும்தான் காட்டின. பெட்டிக்குள் இருந்த தாளில் ஒரு கேபிளின் படம். அதன் முனையில் ஒரு மூலை மட்டும் வெட்டினாற்போல இருந்தது. நாங்கள் மாட்டியிருந்தது டிவி செட்டாப் பாக்ஸுக்கு வந்த பழைய கேபிள். அதன் வழியாக அவ்வளவுதான் போகும். சுவரிலிருந்து வரும் ஐம்பது கணினிக்குள் போனதும் டி.சி.யாக, அதாவது நேர் மின்சாரமாக மாறிவிடுகிறது. அதற்கும் படம் மாறும் வேகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இதோட ஒரு கருப்பு வயரு வந்துச்சே, எங்க?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அதுவா? புளி மூட்டைய கட்டிகிறேன்."

"அது வயரு. கயிறு இல்ல."

"கயிறு மாதிரி நல்லாத்தான் நிக்குது. எலி கூட கடிக்கல."

அவிழ்த்து, துடைத்து, மாட்டினேன். பட்டியலில் நூற்று நாற்பத்து நான்கு வந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். எலக்ட்ரீஷியன் விளையாட்டில் ஆன் செய்ததை ஆஃப் செய்தேன்; படத்தைக் காக்கவைத்துத் தாமதமாகக் காட்டியது அதுதான். பிரேக்கை அழுத்தினேன், அழுத்திய விரல் எழுவதற்குள் வண்டி குனிந்து நின்றது. சாலையோர மரங்கள் ஓரம் பிசகாமல் நகர்ந்தன. பக்கத்து வீட்டுக்கு வேலைக்கு வந்திருந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "டேஞ்சர் சார். இந்த லைன் அவ்ளோ தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மலையில் இன்னும் எத்தனை திரைகளை அவர் ஐம்பதில் வைத்திருக்கிறாரோ, தெரியாது.

ஞாயிறு வந்தது. எட்டு வளைவுகள். எதிலும் உரசவில்லை. கடைசி வளைவில் அவளுடைய வண்டியைத் தாண்டி ஒரு கார் நீளம் முன்னால் முடித்தேன்.

"சூப்பர்ப்பா."

"பிரேக் லைட்ட பாத்தியா?"

"பாத்தேன். கரெக்டா எரிஞ்சிது."

"அப்போ காரு?"

அவள் மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோலச் சொன்னாள்: "அப்பா, இது கேம்தானேப்பா."

தோற்றபோது அது என் கண்ணுக்கும் கைக்கும் டாக்டர் தந்த சான்றிதழ். ஜெயித்தபோது அது கேம். ஒரே அளவுச் சங்கிலியால் இரண்டு பேர் நிலத்தை அளந்துவிட்டு, அளவு ஒருத்தருக்கு மட்டும்தான் செல்லும் என்று நான் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே என்னை அடித்திருப்பார்கள். இதை அவளிடம் சொன்னேன். "கோச்சுக்காதீங்கப்பா. அவருகிட்ட பேசி முடிச்சிட்டேன்" என்றாள். எப்போது என்று கேட்டேன். போன வாரமே முடித்துவிட்டாளாம். நான் பரணில் ஏறி அட்டைப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த வாரம்.

மனைவியிடம் போய், "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

அவள் முறத்தில் புளியை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எனுக்கும் பயமாத்தாங்க இருக்குது. மூட்ட வாய் தெறந்து கெடக்குது, வேற கயிறு இருந்தா குடுங்க."

காரை எடுத்துப்போகச் செங்கத்திலிருந்து மகளின் தோழியுடைய மாமனார் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாலிபராக இருப்பார் என்று நான் ஏன் நினைத்தேனோ. என்னைவிட நாலைந்து வயது சின்னவர், அவ்வளவுதான். தடித்த கண்ணாடி. அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆர்.சி.யைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார்.

"நீங்களே ஓட்னு போறீங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன? புள்ளைங்கள நம்பினு இருந்தா ஆவுமா சார்?" என்று சிரித்தார்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால், மலையிறங்கும் பாதையில் ஐந்து வளைவுகள் மரங்களுக்கிடையே தெரியும். அங்கே போய் நின்றேன். முதல் வளைவுக்கு முன்னாலேயே சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாவதில் வண்டி வளைவுக்குள் போன பிறகு எரிந்தது. மூன்றாவதிலும் அப்படித்தான். நான்காவது சரியாக இருந்தது. ஐந்தாவதில் மறுபடியும் உள்ளே போய்த்தான் எரிந்தது. ஐந்தில் மூன்று. அதன்பிறகு மரங்கள் மறைத்துக்கொண்டன.

நான் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை நிறுத்திவிட்டேன். மகள் இப்போது போனில்தான் பேசுகிறாள். அந்த அங்கிள் காரை நன்றாக வைத்திருக்கிறாராம். வாரா வாரம் திருவண்ணாமலைக்குத் தானே ஓட்டிக்கொண்டு போகிறாராம். ஐந்தில் மூன்று என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். சாப்பிட்டேன். போட்டேன். மழை இல்லை.