எட்டரை மணி எத்தனை மணிக்கு?

மென்பொருளுக்குத் திட்டம் போடுவது என்றால், வேலை செய்துகொண்டிருப்பவர்களை நிறுத்தி, "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டுத் திட்டு வாங்குகிற தொழில். வருகைப் பதிவு மெஷின் முன்னால் ஒரு தடவையாவது விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தவர்கள் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி. டீ கோப்பை, ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை செய்கிறார்கள். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று பதிவு செய்ய அவர்களுக்கு ஒரு கிளவுட் செயலி வேண்டுமாம். சென்னையில் இருக்கிற எங்கள் ஆபீஸ், "நீ அந்த ஊருதானே, நீயே பாத்துக்க" என்று என் தலையில் கட்டிவிட்டது. நான் தனியாகப் போடும் முதல் திட்டம் அது. முதலாளி கையெழுத்துப் போட்டால் என் உத்தியோகம் நிலைக்கும். இல்லையென்றால் வேறு இடம் தேட வேண்டியதுதான்.

ஆப்பு

முதல் நாள் எல்லோரையும் களிமண் கொட்டகையில் கூட்டினார்கள். வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு முழுக்க மறந்துபோய், "உங்க எல்லாருக்கும் சேத்து ஒரு ஆப்பு ரெடி பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் பஸ் பஸ்ஸு ஆகும், ஸ்கூல் ஸ்கூலு ஆகும், ஆப் மட்டும் எப்படித் தப்பும்? ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நாங்க என்னா மேடம் தப்பு பண்ணோம்?"

ஐந்து கொளஞ்சி

பக்கத்து ஊரில் கொளஞ்சியப்பர் கோயில் இருப்பதால் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு கொளஞ்சி உண்டு. ஆணுக்கும் அதே பெயர், பெண்ணுக்கும் அதே பெயர். இந்தக் கம்பெனியில் ஐந்து பேர். கம்ப்யூட்டர் குழம்பக் கூடாதே என்று கொளஞ்சி 1, கொளஞ்சி 2 என்று வரிசையாகப் போட்டேன். நான்காவது கொளஞ்சி வந்து, தான்தான் வயதில் மூத்தவர் என்று சண்டைக்கு நின்றார். இரண்டாவது கொளஞ்சி, முதல் கொளஞ்சியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

"சரி, உங்களுக்குள்ள எப்படித்தான் கூப்ட்டுக்குவீங்க?" என்று கேட்டேன். பெண்ணாடத்துக் கொளஞ்சி, சூளை கொளஞ்சி என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். முதல் நாள் என்னிடம் தப்பு என்னவென்று கேட்ட அக்காவின் பெயர் பஸ்ஸு கொளஞ்சி. ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுவது அவர் வேலை. கைப்பிடியை அங்கே காது என்பார்கள். அப்படியே எழுதிக்கொண்டேன். பஸ்ஸு கொளஞ்சி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படிச்ச புள்ளைக்கு இது புரியறதுக்கு மூணு நாளு ஆயிருக்குது."

விரல்

அடுத்து ரேகை மெஷின். நாளெல்லாம் ஈரக் களிமண்ணையும் ஸ்பாஞ்சையும் தேய்க்கிற கை. விரலில் ரேகை எங்கே இருக்கும்? ஒவ்வொருவராக வந்து வைக்க, மெஷின் "மீண்டும் முயற்சிக்கவும்" என்று சொல்லிச் சொல்லி அதற்கே தொண்டை கட்டியிருக்கும். வரிசை வாசல் வரை போய்விட்டது. ஒரே தடவையில் பச்சை விளக்கு எரிந்தது சூப்பர்வைசர் மணிவேலுக்கு மட்டும்தான். அவர் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸு கொளஞ்சி என் காதுபடவே சொன்னார்: "வேல செய்யாத வெரலத்தான் இந்த மெஷினு நம்புது."

பம்பாய்

கடைசியில் ஆளுக்கொரு அட்டை கொடுத்துத் தட்டச் சொல்வது என்று முடிவாயிற்று. முதலாளி வயதானவர், நல்ல மனிதர், ஆனால் எதையும் தோண்டிக் கேட்பார். தட்டினால் அந்த விவரம் எங்கே போகிறது என்றார். கிளவுடுக்கு என்றேன். அது எங்கே இருக்கிறது என்றார். பம்பாயில் ஒரு கட்டடத்தில் என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏம்மா, நம்ம கொளஞ்சி வந்தாளா வரலியான்னு நான் பம்பாய்க்காரன்கிட்ட கேக்கணுமா?"

மூன்றாவது லேட்டு

இனிமேல்தான் நான் செய்த பாவம் வருகிறது. வேலை எட்டரைக்குத் தொடக்கம். ஐந்து நிமிஷம் சலுகை, அதற்கு மேல் லேட். மாதத்தில் மூன்றாவது லேட் என்றால் அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஆறாவது லேட் என்றால் ஆளே வேண்டாம். முதலாளி பேச்சுவாக்கில் சொன்னதை நான் உற்சாகமாக விதியாக எழுதி, சோதனை ஓட்டத்திலும் சேர்த்துவிட்டேன். நோட்டுப் புத்தகக் காலத்தில் மணிவேல் எல்லோருக்கும் எட்டரை என்றே எழுதுவாராம். மெஷினுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

முதல் வாரமே பஸ்ஸு கொளஞ்சிக்கு மூன்று லேட் விழுந்தது. அவர் வருகிற தனியார் பஸ், ஆள் சேராமல் எந்த நிறுத்தத்தை விட்டும் நகராது. மூன்றாம் நாள் அவர் அட்டையைத் தட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த வேலை போனால் அவருக்குக் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும், முதுகு அதற்கு ஒத்துழைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் மெஷின் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வெட்கமாக இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. சாப்பாட்டுத் தூக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த பெண்களைப் பார்த்து, "புதுசா ஒட்டுன கோப்பைய வெயில்ல வெக்காதீங்கடி, காது வெடிச்சிரும். நான் போயிட்டு வரேன்" என்றார்.

பிராது

போனவர் வீட்டுக்குப் போகவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டார். நமக்கு ஒரு அநியாயம் நடந்தால் அதைச் சாமிக்கு மனுவாக எழுதி அங்கே கட்டிவிட்டு வருவார்கள். சாமி விசாரித்து முடித்ததும் போய் வாபஸ் வாங்கவேண்டும். மணிவேல் இதை டீ குடித்துக்கொண்டே சாவகாசமாக என்னிடம் சொன்னார். என் மேல்தான் கட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். பங்குச் சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? மறுநாள் ரோட்டில் பள்ளம் தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளை வெட்டிவிட, மெஷின் படுத்துவிட்டது. தொழிற்சாலையே என்னை ஒரு மாதிரி பார்த்தது.

பொறுக்கமாட்டாமல் அந்த அக்காவிடமே போனேன். "அக்கா, நான் சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டேன். என் மேல கட்டுன பிராத வாபஸ் வாங்கிடுங்க." அவர் காது ஒட்டுவதை நிறுத்தாமலே சிரித்தார். "உன் மேல எதுக்கும்மா கட்டப்போறேன்? பஸ்ஸு மேல கட்டியிருக்கேன். நீ பாவம், மெஷினு சொல்றத கேக்குற ஆளு."

எட்டு நாற்பத்தேழு

அந்தப் 'பாவம்' எனக்கு நன்றாகவே உறைத்தது. கையெழுத்துக்குக் குறித்த நாள் வந்தது. அன்று காலை ஒன்பது மணிக்குள் முதலாளி வெளியூர் கிளம்புகிறார், எட்டரைக்கே வரச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு ஏற்கெனவே ஐந்து லேட். நான் விடியற்காலையில் ஸ்ரீமுஷ்ணம் போய், அவரோடு அதே பஸ்ஸில் ஏறினேன். எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிஷம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு நிறுத்தத்தில் இறங்கிப்போய் டிரைவரிடம் கெஞ்சினேன். நான் திரும்ப ஏறுவதற்காக இன்னும் இரண்டு நிமிஷம் தாமதம்.

கம்பெனி வாசலில் மணி எட்டு நாற்பத்தேழு. முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். "என்னம்மா, நீயே லேட்டு?" என்றார். திட்டத்தைப் பற்றி நான் யோசித்து வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் பறந்துபோய், "பஸ்ஸு லேட்டு சார். இவங்களுக்கு இது ஆறாவது லேட்டு. இவங்கள அனுப்புறதா இருந்தா என்னையும் அனுப்பிடுங்க, கையெழுத்து வேணாம்" என்றேன். முதலாளி கையிலிருந்த டீ கோப்பையைத் தூக்கிக் காட்டினார். அக்காவைத் திருப்பி அனுப்பிய அன்று வேறு யாரோ காது ஒட்டியது. காது ஒரு பக்கம், கோப்பை ஒரு பக்கம். டீ பாதி சட்டையில். "ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸு வந்தா எட்டரைன்னு போட்டுக்க. பழைய லேட்ட எல்லாம் அழிச்சிடு. இதயும் அந்தப் பம்பாய்க்காரனுக்குச் சொல்லிடு."

விசாரணை

பஸ் வந்ததும் மணிவேல் அழுத்த ஒரு பட்டன் வைத்தேன். முதலாளி கையெழுத்துப் போட்டார், என் உத்தியோகம் தப்பியது, அக்காவுடையதும் தப்பியது. சந்தோஷத்தில் அன்று மதியம் அவருடைய தூக்கிலேயே கைவைத்துச் சாப்பிட்டேன். ஆனால் அவர் முகத்தில் ஏதோ கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கேட்டேவிட்டார்: "பஸ்ஸும் நேரத்துக்கு வரல, நானும் லேட்டில்ல. இப்ப நான் பிராத வாபஸ் வாங்கணுமா, வேணாமா மேடம்?"

மனிதர்களின் நேரத்தை ஒழுங்குபடுத்தப் போனவள், கடைசியில் சாமியாலேயே தீர்ப்புச் சொல்ல முடியாதபடி ஒரு கேஸைக் குழப்பிவிட்டுத் திரும்பினேன்.