முந்திரி போடாத கேக்

நான் திருச்சிக்காரி. லண்டன் டூட்டிங்கில் என் பக்கத்து வீட்டு வசந்தி அக்கா யாழ்ப்பாணம். போன கோடையில், என்னோடு இருக்கும் அம்மாவை அக்காவின் காரில் கென்ட் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனோம். ஒயின் தயாரிப்பதைச் சுற்றிக் காட்டுவார்கள்.

அம்மாவுக்கு முந்திரி ஆகாது, தொண்டை அடைத்துவிடும். அக்காவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். தோட்டத்துக் கடையிலும் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஆங்கிலத்தில் விசாரித்தேன். பிறகு, அம்மாவும் அக்காவும் தமிழ்தானே பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டு ஒயின் ருசி பார்க்கப் போனேன்.

அக்கா வீட்டில் செய்த கேக்கை நீட்டியிருக்கிறார். "முந்திரி இல்லையே?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

"ஒண்டும் போடேல்லை அம்மா, பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

நான் திரும்பியபோது அம்மா மூச்சுவிட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். என் கைப்பையில் எப்போதும் இருக்கும் ஒவ்வாமை ஊசியைத் தொடையில் போட்டேன். பிழைத்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அக்காவிடம் கத்தினேன்.

"கேக்ல என்னக்கா போட்டீங்க?"

"கஜு." அக்கா கொடியில் தொங்கிய திராட்சையைக் காட்டினார். "எங்களுக்கு முந்திரி எண்டா இதுதானே! அம்மாவுக்கு ஆகாது எண்டுதான் முந்திரி வத்தல் போடாமல் கஜுவைக் கூடுதலாப் போட்டனான். ஆகாதவவை ஏன் இஞ்ச கூட்டிக்கொண்டு வாறீங்கள் எண்டும் யோசிச்சனான்."

கஜு என்பது எங்கள் முந்திரிப் பருப்பு. "கொலை பண்ணப் பாத்தீங்களே!" என்றேன், அத்தனை பேர் முன்னால்.

இப்போது தமிழர் வீடானாலும், கைபேசியில் முந்திரிப் பருப்பின் படத்தைக் காட்டித்தான் கேட்கிறேன். வசந்தி அக்கா என்னைக் கண்டால் ஒதுங்குவதில்லை. நின்று நலம் விசாரிக்கிறார், ஆங்கிலத்தில்.