மூணு தண்ணி பார்த்த பாசி

கடலுக்கும் ஆம்பூருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இங்கே மீனே ஐஸ் பெட்டியில்தான் வரும். அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில், போன மாசியில், ஒரு லாரி நிறைய காய்ந்த கடற்பாசி வந்து இறங்கியது. ராமநாதபுரம் பக்கமிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு டீசல் புகை கக்கிக்கொண்டு வந்த லாரி. முன்னால் கட்டிய பேனரில் 'பூமியின் சூட்டைத் தணிக்கும் விவசாயம்' என்று எழுதியிருந்தார்கள்.

வேதாசலம் பேனரைப் படித்தான். அப்புறம் புகைக்குழாயைப் பார்த்தான். சிரிக்கவில்லை. மூக்கால் ஒரு 'ம்க்கும்' விட்டான், அதோடு சரி.

இருபத்திரண்டு வருஷம் டேனரியில் பச்சைத் தோல் குடோனில் வேலை பார்த்த ஆள் அவன். அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வருகிற தோலைப் பிரித்து, உதறி, ஊறல் தொட்டியில் தள்ளுவது அவன் வேலை. உப்பு அவன் கைரேகையைத் தின்றுவிட்டது. ரேஷன் கடை மிஷின் இன்றைக்கும் அவன் விரலை ஆள் என்று ஒத்துக்கொள்வதில்லை. டேனரி அவனுக்குக் கொடுத்தது ஒரு இருமலும் ஒரு நாக்கும். ஒரு சிட்டிகை மண்ணை நக்கிவிட்டு உப்பு ஜாஸ்தியா கம்மியா என்று சொல்லிவிடுவான். கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

அப்பன் விட்டுப் போன ஒரு ஏக்கரில் அறுபது சென்ட் டேனரித் தண்ணி பாய்ந்து எப்போதோ வெளுத்துப் போனது. மேட்டில் ஒரு கிணறும் நாற்பது சென்ட்டும்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் கத்திரி வைப்பான். டேனரியில் அவனுக்கு மேஸ்திரியாக இருந்த அப்துல் ஹமீத் இப்போது பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள அவர் கடையில் வேறு கத்திரிக்காய் நுழையாது. அந்த நாற்பது சென்ட் கத்திரிதான் வேதாசலம் வீட்டுச் சோறு. நாற்று மட்டும் அவன் தங்கச்சி ஜோதி விடுவாள். அவள் பங்கு தனி, கிணற்றுக்குக் கீழே பத்து சென்ட். அண்ணன் மோட்டார் போட்டால் தண்ணி சிமெண்ட் தொட்டியில் விழுந்து, வாய்க்காலில் இறங்கி அவள் குழிக்குப் போகும். அதை மொண்டு நாற்றுக்கு ஊற்றுவாள்.

லாரியோடு வந்த டோரதி மேடம், ஏதோ ஒரு தொண்டு நிறுவனம், மைக் பிடித்துப் பேசினார். பாசியைப் பரப்பினால் மண் காயாது, சத்து ஏறும், யூரியா செலவு குறையும். பொய் ஒன்றுமில்லை. ஆனால் பாசியை ஏற்றிவிட்ட காண்டிராக்டர் அதைக் கழுவவில்லை. அந்தச் சங்கதி மேடத்தின் காகிதத்தில் இல்லை.

வேதாசலம் ஒரு துண்டை ஒடித்து நாக்கில் வைத்தான். துப்பினான்.

"மேடம், இது உப்பு."

"கடல்ல வளர்றது இல்லையாண்ணே. இயற்கையான உப்பு. செடிய ஒண்ணும் பண்ணாது."

"தோல்ல போடுறது மட்டும் இன்னா, பாக்டரியில செஞ்சதா? அதுவும் கடல்ல இருந்துதான் வருது. என் அறுபது சென்ட்ட வந்து பாருங்க, எவ்ளோ இயற்கையா வெளுத்துக் கெடக்குதுன்னு."

கூட்டம் சிரித்தது. மேடம் எதையோ எழுதிக்கொண்டார். சிரித்த கூட்டமே வரிசையில் நின்று மூட்டையை வாங்கியது, ஓசியாயிற்றே. பக்கத்து நிலத்துச் செல்வகுமார் ஆறு மூட்டை தூக்கிப் போய் அப்படியே வேர்க்கடலைக்குள் கொட்டினான். பதினைந்தாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகியது. மண்ணு பழகிக்கும் என்று மேடத்திடமிருந்து போனில் பதில் வந்தது. மண்ணு என்ன மருமகளா, பழகிக்கொள்ள?

வேதாசலமும் எட்டு மூட்டை வாங்கினான். வெயில் ஏற ஏறக் கிணறு இறங்கும், மண் காயாது என்றால் யாருக்கு ஆசை வராது. அதோடு திமிர். தோலுக்கே உப்பு எடுத்தவன், பாசிக்கு எடுக்க மாட்டேனா என்று கிணற்றடிச் சிமெண்ட் தொட்டியில் போட்டு, தோலை ஊறப் போடுகிற கணக்கில் மூணு தண்ணி மாற்றினான். முதல் தண்ணி கஷாயம் மாதிரி இருந்தது. மூணாவது தண்ணியை நக்கிப் பார்த்துத் தலையாட்டினான்.

அந்தப் பக்கம் வந்த அப்துல் ஹமீத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா வேதா, அடுத்தது தோலுக்குப் பண்றாப்பல சுண்ணாம்புல போட்டு மயிர் எடுப்பியா?"

"எடுத்து உங்க கடைக்கு அனுப்புறேன் பாய். தால்சாவுல போடுங்க."

"போடலாம். பிரியாணி துன்றவன் எவன் தால்சாவக் கிளறிப் பார்க்கறான்."

கழுவின பாசியை நாற்பது சென்ட்டிலும் பரப்பினான். மண் ஜில்லென்று ஈரம் பிடித்து நின்றது. அப்புறம் ஒரு வாரம் டீக்கடையில் யாரும் உட்கார முடியவில்லை. செல்வகுமாருக்கு மூளை கம்மி, மேடத்துக்குப் படிப்பு ஜாஸ்தி என்று ஆரம்பித்து, டேனரி முதலாளிகளில் வந்து முடிப்பான். "ஊறல் தண்ணிய அடுத்தவன் நெலத்துல தொறந்து உட்ட பசங்க," என்பான். தினமும் இதே பாட்டு.

நடவுக்கு இரண்டு நாள் முன்னால் நாற்று பார்க்க ஜோதி வீட்டுப் பக்கம் இறங்கினான். பாத்தி முழுக்கச் சுருண்டு கிடந்தது. மண்மேல் வெள்ளைப் பொருக்கு. ஜோதி வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"வெத சரியில்ல போல," என்றான். "இல்ல, நீ தண்ணி கம்மியா உட்டுட்டியா?"

ஜோதி எழுந்தாள். குழி ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி அவன் முன்னால் நீட்டினாள்.

"நக்கிப் பாரு."

நக்கினான். துப்பவில்லை.

"ஜாஸ்தியா, கம்மியா? சொல்லுண்ணே. ஊருக்கெல்லாம் சொல்றியே." கையைத் தட்டிக்கொண்டாள். "வாய்க்கால்ல தண்ணி பழுப்பா வந்துது. நாத்துக்கு ஆவட்டும்னு எரு கரைச்சு உட்டிருக்கான் எங்கண்ணன்னு நெனச்சேன்."

குடோனில் ஊறல் முடிந்தால் தொட்டி அடைப்பைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். தண்ணி எங்கே போகிறது என்பது கூலிக்காரன் விசாரிக்கிற விஷயம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பழகின கை. இங்கேயும் மூணு தடவை அடைப்பைத் தட்டிவிட்டது. மூணு தடவையும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்துல் ஹமீத் விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "கிருஷ்ணகிரிக் காய் வாங்கிக்கிறேன்டா. மூணு மாசம். அதுக்குள்ள உன் காய் வரலன்னா அந்த வியாபாரிகிட்டயே நின்னுடும். சமையல்காரன் கைக்கு ஒரு காய் பழகிட்டா நான் சொன்னாலும் கேக்க மாட்டான்."

ஒரு மாசம் நாற்றுக்கு, இரண்டு மாசம் காய்க்கு. ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. அன்றைக்கே ஜோதி இரண்டாவது விதை போட்டாள், தன் பத்து சென்ட்டில் இல்லை, அண்ணனின் மேட்டு மூலையில். பாசியை ஒதுக்கிவிட்டுப் பாத்தி கட்டினாள். தொட்டித் தண்ணி கூடாது, கிணற்றிலிருந்து நேராகக் குடத்தில் வர வேண்டும் என்றாள். வேதாசலம் எதிர்த்துப் பேசவில்லை. அவன் எதிர்த்துப் பேசாமல் இருந்ததை அவன் பெண்டாட்டி விஜயகுமாரி இரண்டு தெரு தள்ளிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது காலையில் முப்பது குடம் அவன்தான் இறைக்கிறான். டீக்கடைக்குப் போவதில்லை. நாற்று இரண்டு இலை விட்டிருக்கிறது.

ஒவ்வொரு குடத்தையும் இறக்கி வைத்துவிட்டு நிற்பான். ஜோதி விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். அவசரப்பட மாட்டாள். அப்புறம்தான், "ம், ஊத்து," என்பாள்.