மணலில் போட்ட எண்கோடு

நேற்று மகள் பெரிது, சிறிது என்று வரும் சமனிலிக் கணக்குகளை எண்கோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். கொப்பியில் ஒரு வட்டத்தை வெறுமையாக விட்டு மற்றதைப் பென்சிலால் நிரப்பியிருந்ததைக் கண்டதும், புதுக்குடியிருப்பில் இன்று போன் கடை நிற்கிற இடத்தில் அன்றிருந்த எங்கள் ரியூசன் கொட்டிலின் ஈரமணல் வாசம் மூக்கில் ஏறியது.

கொப்பிக்குத் தட்டுப்பாடான காலம், கணக்கெல்லாம் மணலில்தான். கோடு உதிராமலிருக்க ரீச்சர் தண்ணீர் தெளித்துவிடுவார். நாங்கள் தென்னை ஈர்க்கினால் கோடிழுத்து, எண்களை எழுதி, விடை தொடங்கும் எண்ணில் சோடா மூடியை அழுத்தி வட்டம் பதித்து, அந்த எண்ணும் விடையில் சேருமென்றால் வட்டத்துக்குள் ஒரு புளியங்கொட்டை வைப்போம், சேராவிட்டால் வெறுமையாக விடுவோம். பக்கத்திலிருக்கும் மெற்றில்டா வறுத்துத் தின்பதற்கென்று என் கொட்டையைக் களவெடுப்பாள், என் விடை பிழையாகிப்போகும்.

சண்டை நெருங்கி ஊரோடு இடம்பெயர்ந்த காலை, கொட்டிலைக் கழற்றிக் கம்புகளைப் பிடுங்கி உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். மணலில் குழிகள் வரிசையாகக் கிடந்தன, எண்கோட்டின் வெறும் வட்டங்கள் மாதிரி.

“பிள்ளையள், குழியளை மூடிப்போட்டு ஏறுங்கோ. மாடுகள் கால் முறிச்சுப்போடும்” என்றார் ரீச்சர்.

மெற்றில்டா இரண்டு கையாலும் மணலை அள்ளிப் போட்டபடி கேட்டாள்: “ரீச்சர், நிரப்பினா இதுவும் சேரும்தானே?”

“ஓம் பிள்ளை, சேரும்” என்ற ரீச்சர், குந்தியிருந்து கடைசிக் குழியைத் தானே நிரப்பினார்.