கப்பிக்குப் போட்ட மாலை

ஒரு கதவுக்கு மாலை போட்டு, அந்த மாலையாலேயே அதன் கழுத்தை நெரித்தவன் நான். பினாங்கில் என்னைவிடப் பெரிய முட்டாள்கள் இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு புத்தகம் படித்துவிட்டு அந்த நிலையை எட்டியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

தண்ணீர்மலைக்குப் போகிற பக்கம் எங்கள் வீடு. பின்னால் ஒரு பழைய குதிரை லாயம். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கிராணியாகப் பேனா பிடித்துக்கொண்டிருந்த எனக்கு, நாற்பத்தைந்து வயதில், மூன்று பேர் ஓட்டிக் களைத்த ஒரு மோட்டார் கார் வாய்த்தது. அதை லாயத்தில் நிறுத்தினேன். லாயத்துக்கு ஒரே வாசல், அதற்கு இரட்டைக் கதவு. காலால் ஓர் உதை விட்டால் திறக்கும். மழைக்காலத்தில் இரண்டு உதை. அதோடு விட்டிருக்கலாம்.

கம்பெனிக் கிட்டங்கியில் ஒரு பெரிய பெட்டி வெகுநாளாகத் தூசி படிந்து கிடந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் தன் பங்களாவுக்கென்று கப்பலில் வரவழைத்த புது மாதிரி மோட்டார்க் கொட்டகைக் கதவு. அது வந்து சேர்வதற்குள் துரை ஊருக்குக் கப்பலேறிவிட்டார். யாரும் சீண்டாத அதை நான் வாங்கினேன். பெட்டிக்குள் படங்களோடு ஒரு விளக்கப் புத்தகம் இருந்ததுதான் காரணம். புத்தகம் ஒன்று கையில் இருந்தால் உலகில் எதையும் ஆண்டுவிடலாம் என்பது என் கொள்கை. என் குடும்பம் பட்ட பாடுகளில் பாதிக்கு அதுவே வேர்.

சீனத் தச்சர் ஒருவர் வந்து இரண்டே நாளில் கதவை மாட்டிவிட்டார். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதன்பின் வீட்டுக்கு வந்தவர் யாரும் கதவைப் பற்றிய என் பிரசங்கத்தைக் கேட்காமல் காப்பி குடித்ததில்லை. கையில் ஒரு பிரம்பு வைத்துக்கொண்டு தொடங்குவேன். "இதோ, நாலு நீளப் பலகை, ஒன்றின் மேல் ஒன்று. நடுவில் கீல், அதனால் மடங்கும். ஓரங்களில் சின்ன உருளை. உருளை ஓட இரண்டு பக்கமும் இரும்புக் காடி, பள்ளமான தண்டவாளம் மாதிரி. நிலை உச்சியில் வளைந்து கூரைக்கடியில் போகிறது பாருங்கள். காடி வழிகாட்டும், அவ்வளவுதான். பாரம் தாங்குவது அதுவல்ல. அடிப்பலகையின் இரு மூலையிலிருந்தும் கம்பிக் கயிறு கிளம்பி, மேலே உள்ள கப்பியில் ஏறி, மறுபக்கம் இரும்புக் குண்டாகத் தொங்குகிறது. கதவு இறங்கினால் குண்டு ஏறும். குண்டு இறங்கினால் கதவு ஏறும். கிணற்றில் வாளி இரண்டு போட்ட மாதிரி."

பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், கத்தோலிக்கத் தமிழர். இதை மூன்று தடவை கேட்டவர். மூன்றாம் தடவை, "அண்ணே, எங்க சாமியாரே ஞாயித்துக்கிழமை இவ்வளவு நேரம் பேசமாட்டாருலா" என்றார். என் மனைவி அப்படியெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. "பழைய கதவுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றாள்.

இந்தச் சமயத்தில் என் மகளுக்கு ஈப்போவிலிருந்து கடிதம் வந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை வேலைக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். சான்றிதழ்களின் மூலப்பிரதி கட்டாயம் வேண்டுமாம். அவளுக்குப் பத்தொன்பது வயது. வேலை வேலை என்று அவள் எழுதிப்போட்ட விண்ணப்பங்களுக்கு அதுவரை வந்த ஒரே பதில் இதுதான். அவளுக்கும் அவள் தாய்க்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது: இது கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால், தையில் பெண் பார்க்க வரும் தைப்பிங் மாப்பிள்ளைக்கு மறுபேச்சு இல்லை. மாப்பிள்ளையிடம் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மகளுக்கு இருந்தது.

குறித்த நாள் விஜயதசமி, மாலை நான்கு மணி. காலைப் பெரிப் படகு ஏறிக் கடல் தாண்டிப் பிறைக்குப் போய், அங்கே ரயில் பிடித்தால்தான் உண்டு. படகுத்துறைவரை நானே காரில் கொண்டுவிடுவதாக அறிவித்தேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. கார், ஸ்பானர், சுத்தியல், கத்தி, அரிவாள்மனை என்று வீட்டில் இரும்பாக இருந்த அனைத்தையும் கொட்டகைக்குள் கொண்டுபோய்ச் சந்தனப்பொட்டு வைத்தேன். புத்தகங்களையும் சான்றிதழ்களையும் சாமி அறையில் வைப்பதுதான் வழக்கம். "கல்வியும் வாகனமும் ஒரே இடத்தில் இருக்கட்டும், காலையில் எடுக்கவும் வசதி" என்று சொல்லிச் சான்றிதழ் உறையைக் காரின் ஆசனத்தில் வைத்தேன். பிறகு கதவைப் பார்த்தேன். இத்தனை உழைக்கிற உறுப்புகளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? உருளைகளுக்குக் குங்குமம். கப்பி இரண்டுக்கும் ஆளுக்கொரு செவ்வந்தி மாலை, நல்ல வாழைநாரில் கட்டியது.

கற்பூரம் காட்டி முடித்துக் கதவை இறக்கினேன். தரைக்கு ஒரு சாண் மேலே அது நின்றுவிட்டது.

"என்னங்க, மூடலியா?" என்றாள் மனைவி.

"காருக்குக் காற்று வேண்டும்" என்றேன். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை.

விடிந்ததும் தூக்கினேன். வரவில்லை. கைப்பிடியை இரு கையாலும் பிடித்து, வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சைப் பிடித்து இழுத்தேன். வலது பக்கம் மட்டும் கொஞ்சம் எழுந்து, கதவு கோணிக்கொண்டு, உருளை காடிக்குள் இறுகியது. குனிந்து பார்த்தால் இடது கப்பியில் மாலையைக் காணோம். கயிறு அதை உள்ளே இழுத்து, நாரும் பூவுமாகச் சுருட்டி விழுங்கியிருந்தது. சான்றிதழ் உள்ளே. கார் உள்ளே. கதவைக் கழற்றுகிற கருவி அத்தனையும் உள்ளே, பொட்டு வைத்துக்கொண்டு.

மகள் புறப்பட்டு, பெட்டியோடு வந்து நின்றாள். கண் கடிகாரத்துக்கும் கதவுக்குமாக ஓடியது.

"தைப்பிங் ஒண்ணும் கெட்ட ஊர் இல்ல" என்றாள் என் மனைவி, யாரிடமும் இல்லாமல்.

எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் கருவிகளும் சாமி முன்னால்தான் இருந்தன. ஒரே ஒரு வீடு தவிர. வேலிக்கு அப்பாலிருந்து வாத்தியார் கடப்பாரையோடு வந்தார். "நான் தொட்டா ஒங்க சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டாங்க அண்ணே. எங்க போடணும், சொல்லுங்க. நீங்கதானே பார்ட்டு பார்ட்டா சொல்வீங்க."

உறுப்பு அனைத்தின் பெயரும் எனக்குத் தெரியும். எங்கே போடுவது என்பதுதான் தெரியவில்லை. "நடுவில்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நடுவுல வேணாம் மாமா" என்றாள் மகள். "வலது பக்கத்தக் குண்டு தூக்கிக் குடுக்குது. இடது பக்கம் கயிறு மாட்டிக்கிச்சு, அங்க குண்டு இருந்தும் இல்லாத மாதிரி. எது அனாதையோ அதத்தான் நாம தூக்கணும். இடது மூலையில போடுங்க. அப்பா, நீங்க வலது பக்கத்த அதுக்குச் சமமா மட்டும் பிடிங்க. இழுக்காதீங்க."

வாத்தியார் செங்கல் ஒன்றின் மேல் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கதவு ஒரு முழம் எழுந்தது. அவள் இரண்டு மூலைக்கும் செங்கல் அடுக்கினாள். இனி யாராவது உள்ளே நுழைய வேண்டும். வாத்தியாரின் வயிறு அனுமதிக்கவில்லை. மகளின் சேலை புதியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பல்லிபோல ஊர்ந்து உள்ளே போனேன். மட்கார்டின் மேல் ஏறிக் கப்பியை எட்டினேன். கயிறு தொய்ந்திருந்தது, ஆனால் நார் சக்கரத்தில் கெட்டியாகச் சுற்றியிருந்தது. கீழே பூஜைத் தட்டில் கத்தி பளபளத்தது.

"கத்தியத் தொட்டுராதீங்க! மறுபூஜை இன்னும் ஆகல!" வெளியிலிருந்து மனைவியின் குரல்.

"அப்போ எதால் அறுப்பது?"

"பல்லுக்கு நேத்து பொட்டு வைக்கலியே!"

கடித்தேன். வாழைநார், செவ்வந்தி, கப்பி எண்ணெய் மூன்றும் கலந்த ருசியை இன்றும் என்னால் விவரிக்க முடியும், யாரும் கேட்பதில்லை. நாலாவது கடியில் நார் அறுந்தது. கையால் மிச்சத்தைப் பிடுங்கியதும் கயிறு பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது, இடதுபுறக் குண்டு ஒரு முழம் இறங்கித் தொங்கியது. வெளியே மகள் கைப்பிடியைத் தொட்டிருக்கிறாள். அவ்வளவுதான். காலை வெயிலோடு கதவு தானாக மேலேறியது. மட்கார்டின் மேல், வாயில் செவ்வந்தி இதழோடு, நான்.

அந்த அவசரத்திலும் மனைவி கற்பூரம் காட்டி, கார்ச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த பிறகே விட்டாள். படகுத்துறையில் ஏறுபலகையை எடுக்கப்போகிற சமயம் மகள் ஏறினாள். சான்றிதழ் உறையை உயர்த்திக் காட்டியபடி நின்றாள், பிறைப் பக்கம் பெரி சிறுத்துப் போகும்வரை.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் தாய், தைப்பிங்குக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை மடித்து அடுப்பில் போட்டாள். வாத்தியார் வேலியருகே வந்தார்.

ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல விளக்கு என்றாராம் தலைமையாசிரியை. இவள் சாக்பீஸை எடுத்து எங்கள் கதவை வரைந்து, பலகை, கீல், உருளை, காடி, கயிறு, கப்பி, குண்டு என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லி முடித்தாளாம்.

எனக்கு நெஞ்சு விரிந்தது. "பார்த்தீர்களா! என் பிரசங்கம் வீண்போகவில்லை" என்றேன் வாத்தியாரிடம். "அந்த அம்மாள் என்ன சொன்னார், சொல் கேட்போம்."

"எல்லாம் நல்லா வெளங்குச்சுன்னாங்கப்பா. ஒண்ணுதான் வெளங்கலயாம். 'ஒங்கப்பா ஏன் சாதாரண ரெட்டைக் கதவு போடல'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னாய்?"

"எனக்கும் தெரியலன்னேன். தெரியாததத் தெரியலன்னு சொல்ற டீச்சரத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்னு சொல்லி, அங்கயே வேலயக் குடுத்துட்டாங்க."

என் மனைவி காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "அது மட்டும் ஒங்ககிட்டக் கத்துக்கிட்டது இல்லீங்க."