பின்னறை வரைக்கும் ஒரே வைஃபை

ஜெபா போனில் சொன்ன முதல் வாக்கியமே இதுதான்: "அண்ணாச்சி, இன்னொரு போன் கால் கட்டாச்சுன்னா என் வேலை போயிரும்."

நான் குமுளிப் பக்கம் வீடுகளுக்கு நெட்வொர்க் போடுகிறவன். கேபிள் டிவி காலத்திலிருந்து இதே பொழைப்பு. வேலை போய்விடும் என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் நிறைய. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கிரிக்கெட்தான் போயிருக்கும். ஜெபாவின் ஊரான ஆனைக்கரையில் அப்படி இல்லை.

ஜெபா வீட்டிலிருந்தபடி மொழிபெயர்க்கிறவர். மலையாளம் பேசும் டாக்டருக்கும் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கும் நடுவில், இன்டர்நெட் காலில் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். பின்னறையில் மாமியார் படுத்த படுக்கை. அவர் கூப்பிட்டால் ஹெட்செட்டோடு ஓட வேண்டும். ஓடினால் கால் கட்டாகும்.

மாமனார் ஞானமுத்து, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹால், அடுக்களை, பின்னறை என்று மூன்று ரவுட்டர் வாங்கி, நடுவில் வயரும் இழுக்க வைத்தவர் அவர்தான். மூன்றுக்கும் மூன்று பேரப்பிள்ளைகளின் பெயர்.

"மூணும் நல்ல சாமான். ரேஞ்சு வாசல் முத்தம் வரைக்கும் வருது. பெறவு என்ன கேடு?" என்றார்.

மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தேன். ஜெபா டெஸ்ட் கால் போட்டு நடந்தார். கட். ஒவ்வொரு ரவுட்டரும் தனித்தனியாக ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. போன் அடுத்ததற்குத் தாவியதும் முகவரி மாறும், பழைய முகவரியில் ஓடிய கால் செத்துப்போகும். ஹால் ரவுட்டர் மட்டும் முகவரி கொடுக்கட்டும் என்று மற்ற இரண்டையும் சிக்னல் மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினேன்.

மறுபடி நடந்தார். கட்டாகவில்லை. ஆனால் பின்னறையில் குரல் துண்டுதுண்டாக வந்தது. பக்கத்திலேயே ஆக்சஸ் பாயின்ட் இருந்தும் போன் ஹாலையே பிடித்துத் தொங்கியது. எப்போது தாவுவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் போன்தான். பழைய சிக்னல் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் விடாது. ஹாலின் டிரான்ஸ்மிட் பவரை, அதாவது சிக்னல் எட்டும் தூரத்தைக் குறைத்தேன். ஒன்றோடொன்று மோதாமல் சேனல்களையும் வேறு வேறாக வைத்தேன்.

ஞானமுத்து முற்றத்திலிருந்து போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்ப்பா, ரேஞ்சைக் கூட்டுவேன்னு பாத்தா கொறச்சு வச்சிருக்க. நாலு கோடு இருந்துச்சு. இப்ப ஒண்ணு."

"வேணும்னேதான் கொறச்சேன், ஐயா."

"வேணும்னேயா?"

அதற்குள் ஜெபாவின் இடைவேளை முடிந்து நிஜக் கால் வந்துவிட்டது. கையசைத்து எங்களை நிறுத்திவிட்டு, காலில் இருந்த நோயாளியிடம் கேட்டார்.

"அம்மா, நெஞ்சுவலி எடது கைக்கு எறங்குதான்னு டாக்டர் கேக்காங்க."

அந்த நேரத்தில் பின்னறையில் இருமல். நிற்கவில்லை. ஜெபா எழுந்து ஓடினார். நான் என் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். திரையில் அவருடைய போன் ஹால் ரவுட்டரில் இருந்தது. அடுக்களைக்குப் போனது. பின்னறைக்குப் போனது.

ஞானமுத்துவும் நானும் பின்னறை வாசலில் நின்றோம். மாமியாரை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தட்டியபடி, நோயாளிக்கு வலி கைக்கு இறங்குவதையும் வியர்ப்பதையும் ஜெபா மலையாளத்தில் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தமிழில்: "எழுந்து நடக்காதீங்கம்மா. பக்கத்துல ஆள் இருந்தா கூப்பிடுங்க. ஆம்புலன்ஸ் அனுப்புதாங்க. வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தார். இருமல் அடங்கி, ஞானமுத்து தண்ணீர் புகட்டி, அந்தப் பக்கம் வண்டி வந்து சேரும்வரை இருந்தார். ஹெட்செட்டைக் கழற்றியதும் அதே கட்டிலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"வண்டியில ஏத்திட்டாங்க, மாமா."

ஞானமுத்து தன் போனைப் பார்த்தார்.

"ஒரு கோடே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: ஸ்பீட் டெஸ்ட் காட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். வீட்டுக்காரரை ஒரு கால் போட்டுக்கொண்டு அன்றாடம் நடக்கும் வழியில் நடக்கச் சொல்லுங்கள். அவசரம் என்றால் யாரிடம் ஓடுவார் என்று கேளுங்கள். அந்த அறையிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.